பாசி ஊறிய தண்ணீர்

கை நடுங்கத் தொடங்கியதிலிருந்து அக்காவிடம் தலையைக் கொடுக்க யாரும் துணியவில்லை. முடிதிருத்தும் கடையை நடத்தும் ஹமாதா, மாதக் கடைசிவரை அவள் நாற்காலியை வைத்திருப்பேன், அதற்குமேல் வேறு பெண்ணை எடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். அந்த நாற்காலிக்காக அக்கா சயோகோ ஆறு வருடம் தரை பெருக்கியிருக்கிறாள்.

கோளாறு தைராய்டில் என்றார் மருத்துவர் இசோபே. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே அதைப் பகை என்று நினைத்துவிட்டதாம். அதிலும் இரண்டு விதம். ஒன்றில் எதிர்ப்பணுக்கள் சுரப்பியை உடைக்கும். சேர்த்து வைத்த ஹார்மோன் கொட்டும். கொட்டித் தீர்ந்ததும் தானே அடங்கும். இன்னொன்றில் அவை அனுப்பும் எதிர்ப்புப் புரதம் சுரப்பியின் பொத்தானை அழுத்தியபடியே இருக்கும். மாத்திரை இல்லாமல் நிற்காது. இரத்தப் பரிசோதனை இரண்டுங்கெட்டானாக வந்திருந்தது. அதனால் துளிக் கதிர்வீச்சுள்ள அயோடினை விழுங்கவைத்து, மறுநாள் கழுத்து அதில் எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று பார்க்க வேண்டும். உடைந்த சுரப்பி எடுக்காது, பொத்தான் அழுந்தியது வாரி எடுக்கும். அதற்குமுன் ஒரு வாரம் கடல்பாசி வாயில் படக்கூடாது. பாசி முழுக்க அயோடின், தின்றால் சுரப்பி அதிலேயே நிறைந்துவிடும்.

ஜப்பானிலேயே பாசித் தீனிக்குப் பேர்போன எங்கள் தொயாமாவில் போய் இதைச் சொன்னார். இங்கே சோற்று உருண்டைக்குக்கூடப் பாசிதான் சட்டை. ஆனாலும் அம்மா வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். அலமாரியைக் குடைந்து தின்கிற பாசியையெல்லாம் மூட்டை கட்டி அத்தை வீட்டுக்கு அனுப்பினாள். ஃப்ரிட்ஜ் கதவோரம் நான் பிறந்ததிலிருந்து நிற்கும் கண்ணாடிக் குப்பி மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

பரிசோதனையில் அக்காவின் கழுத்து எதையுமே எடுக்கவில்லை. சுரப்பி ஏற்கெனவே வயிறு நிறையப் பாசி சாப்பிட்டிருக்குமோ என்றார் மருத்துவர். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. முள்ளங்கி, டோஃபு, மிசோ சூப் என்று ஒவ்வொரு வேளையையும் ஒப்பித்தாள். சூப்புக்கு என்ன தண்ணீர் என்று அவர் கேட்டார்.

"ஃப்ரிட்ஜ் குப்பியில பாசி ஊறின தண்ணிதான். ஆனா பாசியை வெளிய எடுத்துட்டுத்தான் டாக்டர் கொதிக்கவிட்டேன். வெறும் தண்ணிதான் இருந்துச்சு."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா சொன்னாள்: "இலையை எடுத்துட்டா டீ வெந்நீர் ஆயிடுமாம்மா?"

மறுபடியும் ஒரு வாரம். பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில் இருப்பவள் நான்தான் என்பதால் அடுப்படி என்னிடம் வந்தது. உலர்ந்த காளானை ஊறவைத்துச் சூப் வைத்தேன். துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் அம்மா அதைக் குடித்தாள். நான்காம் நாள் அக்காவின் கிண்ணத்தின்மேல் ஒரு சோயா சாஸ் குப்பியைச் சாய்த்தாள். பிடுங்கிப் பார்த்தேன். பொடி எழுத்தில் பாசிச் சாறு என்று போட்டிருந்தது.

"பிள்ளை எலும்பும் தோலுமா நிக்கிறா. காப்பாத்தப் பார்த்தா, ரெண்டு பேரும் என்னைத் திருடி மாதிரி பார்க்கறீங்களேடி."

"என் உடம்புக்குள்ள இருக்கறதும் அதையேதாம்மா சொல்லும்," என்றாள் அக்கா. "காப்பாத்தறேன் காப்பாத்தறேன்னுதான் என்னைப் போட்டு இந்தப் பாடு படுத்துது."

அம்மா குப்பியை மூடி வைத்தாள். மீதி நாட்களும் என் சூப்பையேதான் குடித்தாள், முணுமுணுத்துக்கொண்டே.

இந்த முறை கழுத்து அயோடினை வாரி எடுத்துக்கொண்டது. பொத்தானை அழுத்தும் விதம்தான். மாத்திரை தொடங்கியது, நடுக்கம் அடங்க வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். ஆனால் மாதக் கடைசி வந்துவிட்டது. ஒரு தலையை என் கண்ணெதிரே வெட்டிக் காட்டு என்றாள் ஹமாதா. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அம்மா போய் உட்கார்ந்தாள்.

"அசையாதம்மா."

"நானா அசையறேன்? உன் கைதான்டி."

முன்முடி ஒரு பக்கம் புருவத்தைத் தொட்டது, மறுபக்கம் நெற்றியின் பாதியில் நின்றது. ஹமாதா சீப்பை வைத்து இரண்டு பக்கத்தையும் அளந்து பார்த்தாள்.

"இந்த முடி வளரட்டும். அடுத்த மாசக் கடைசியில இதே தலையைக் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் நாற்காலி இருக்கும்."

டிராமில் அம்மா கண்ணாடி ஜன்னலில் முன்முடியைப் பார்த்துப் பார்த்து நீவிக்கொண்டாள். பிறகு, இன்று சூப்பில் பாசி போடலாம் இல்லையா என்று கேட்டாள். அளவோடு சாப்பிடலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அளவு என்றால் என்ன என்று அம்மாவுக்கு யார் சொல்வது? அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.