பந்தய ரிவால்வருக்கு ஒரு பிடி

எட்டுப் பெண்களும் நூறு மீட்டர் ஓட்டத்தின் தொடக்கக் கோட்டில் குனிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. இடுப்பு உயர்ந்திருந்தது. விரல்கள் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் ஒழுங்காக ஊன்றியிருந்தன. பி.டி. டீச்சர் மங்கையர்க்கரசி "செட்" என்று சொல்லிவிட்டார். வெடிதான் இன்னும் வெடிக்கவில்லை.

பெரிய காரணம் ஒன்றுமில்லை. ரிவால்வரின் பிடி கழன்று விழுந்துவிட்டது. யாரையும் கொல்கிற ரிவால்வர் இல்லை. வெற்றுத் தோட்டா போட்டு ஓட்டத்தைத் தொடங்கி வைக்கிற ரிவால்வர். பள்ளிக்கு அது வந்து இருபத்தாறு வருஷம். அதைப் பிடித்ததும் ஒரே கைதான். பிடியின் இரண்டு மரத் துண்டுகளும் தேய்ந்து தேய்ந்து அப்பளமாகி, சொல்லிவைத்தாற்போல "செட்"டுக்கும் வெடிக்கும் நடுவில் புல்லில் விழுந்தன.

"விசில் அடிங்களேன்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். டீச்சர் அடித்துப் பார்த்தார். ஒருத்தியும் அசையவில்லை. "எந்திரிங்கடி" என்று கெஞ்சியும் பார்த்தார். நான்காவது லேனிலிருந்த ஜாஸ்மின் தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள்.

"வெடிக்கு முன்னாடி அசைஞ்சா அவுட்டுன்னு நீங்கதான டீச்சர் சொல்லிக்குடுத்தீங்க."

உண்மைதான். ஆறாம் வகுப்பிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொடுத்தார். ஊரிலேயே கறாரான மனுஷி என்று பெயர் வாங்கியவர். அந்தக் கறார் இப்படி எட்டு லேனில் வரிசையாகக் குனிந்திருப்பதைப் பார்க்க இப்போது அவருக்கே சகிக்கவில்லை.

ஊர் பழகிக்கொண்டது. ஊருக்கென்ன, எதுவும் நாலு நாளில் பழகிவிடும். அம்மாக்கள் தூக்குவாளியோடு வந்து ஊட்டிவிட்டுப் போனார்கள். அரைப் பரீட்சையை மைதானத்திலேயே வைத்தார்கள். பிள்ளைகள் பதில் சொல்ல, கணக்கு டீச்சர் புல்லில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டார். ரேஷன் கார்டு சரிபார்க்க வந்தவர் எட்டுப் பேருக்கும் முகவரியை மாற்றினார். தொடக்கக் கோடு, இன்ன லேன் என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்.

எட்டாவது லேன் முத்துப்பேச்சியின் நிலைமைதான் மோசம். மற்றவர்களுக்கு இரண்டு காலும் ஊன்றியிருந்தது. பேச்சியின் வலது கால் மட்டும் பின்னாலிருந்த கட்டையில் பதியாமல், நாலு விரல் உயரத்தில் அந்தரத்தில் நின்றது. அவள் கால் வைக்கட்டும் என்று காத்திருந்தபோதுதான் பிடி விழுந்தது. அந்தக் காலை நினைத்து டீச்சர் பதினோரு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் மாற்றுப் பிடி வாங்கக் கைப்பிடித் தேர்வு அலுவலகத்துக்குக் கிளம்பினார். அது இரண்டாம் மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்துக்கு முதல் மாடி கிடையாது. முதல் மாடி வரவேண்டிய இடத்தில் படி கொஞ்சம் குளிர்ந்தது, அவ்வளவுதான்.

நடைவழி நூறு மீட்டர் இருக்கும் என்று கண்ணாலேயே அளந்தார். நடக்க நடக்க அது நானூறாயிற்று. எண்ணூறைத் தாண்டியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வளைவுகளில் உள்பக்கமாக ஒட்டி நடந்தார். முன்னால் போன ஒரு ஓய்வூதியக்காரர் வளைவில் வெளிப்பக்கமாகவே போய் வீணாகப் பின்தங்கினார். பாவம், அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

நடைவழியின் முடிவில் எழுத்தர் தனுஷ்கோடி உட்கார்ந்திருந்தார். டீச்சர் உடைந்த துண்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பிடி இல்லைங்கிறதுக்குச் சான்று?"

"இதான் சார், உடைஞ்ச பிடி."

"பிடி இருக்கு. அப்ப இல்லைன்னு நான் எப்படி எழுத?"

டீச்சர் துண்டுகளைக் கைப்பைக்குள் போட்டு மூடினார்.

"இப்ப?"

"இப்ப இல்லை" என்று ஒப்புக்கொண்டு முத்திரை குத்தினார். பிறகு துண்டுகளைத் திரும்ப வாங்கி, ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டார்.

"மொத்தம் நாப்பத்தி மூணு மணி நேரம் பிடிச்சிருக்கீங்க. வெடிச்சதெல்லாம் சேத்தா ரெண்டு நிமிசம் வருது. மிச்ச நேரம் என்ன செஞ்சீங்க?"

டீச்சருக்கு முகம் சுண்டிப்போனது. வீட்டுக்காரரிடம்கூட அவர் சொன்னதில்லை.

"கடைசி லேன் பிள்ளைக்காக நிப்பேன்."

"எதுக்கு?"

"வேகம் கம்மியான பிள்ளையத்தான் அங்க நிறுத்துறது. அது எப்பவும் லேட்டாத்தான் கால் வைக்கும். அது வச்ச பொறகு சுடுவேன்."

"எந்தப் பிள்ளை?"

"எல்லா வருசமும். அங்க நின்ன எல்லாப் பிள்ளையும்."

தனுஷ்கோடி எழுதிக்கொண்டார். "கையக் காட்டுங்க."

காட்டினார்.

"நடுங்குதே."

"நடுங்காது."

"இப்ப நடுங்குது."

"ஏறி வந்த களைப்பு."

அதையும் எழுதிக்கொண்டு, பிடி வேலைக்கு வந்து பெஞ்சில் காத்திருந்த பொருள்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். ஈட்டிமரம், எருமைக்கொம்பு, ரப்பர் என்று மூன்று பேர் வந்திருந்தார்கள். மூலையில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே தந்தம் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று தனுஷ்கோடி எச்சரித்தார்.

ஈட்டிமரம் நிதானமாக எழுந்து வந்தது. தலையில் இன்னும் நாலு இலை இருந்தது.

"எவ்வளவு நேரம் நிக்கச் சொன்னாலும் உங்ககூட நிப்பேன்" என்றது.

டீச்சருக்கு அதைப் பார்த்தவுடனே பிடித்துப்போனது. "எப்ப வருவே?"

"காயணும். எட்டு வருசம் ஆகும்."

எட்டு வருஷத்தில் ஜாஸ்மினுக்குக் குனிந்தபடியே கல்யாணம் ஆகிவிடும்.

எருமைக்கொம்பு வந்தது. "நான் குளுந்துருவேன்" என்றது.

"அப்புறம்?"

"அவ்வளவுதான். மொதல்லயே சொல்லிட்டேன்."

அதன் நேர்மை பிடித்திருந்தது. ஆனால் குளிர்ந்த பிடியை வைத்துக்கொண்டு காத்து நிற்க முடியாது.

ரப்பர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தது. "வேர்க்காது மேடம். வழுக்காது. பிடிச்ச ஒடனே வெடிச்சிரும்."

"கொஞ்சம் நிக்க முடியாதா?"

"எதுக்கு நிக்கணும்?"

"ஒரு பிள்ளை இன்னும் கால் வைக்கல."

"எட்டுல ஏழு ரெடி. அது நல்ல கணக்கு மேடம்."

"ரப்பர்னா இன்னைக்கே மாட்டிரலாம்" என்றார் தனுஷ்கோடி.

டீச்சர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மரத்தை எடுத்தால் பேச்சிக்காக நிற்கலாம்; ஏழு பிள்ளைகளும் எட்டு வருஷம் குனிந்திருக்க வேண்டும். ரப்பரை எடுத்தால் ஏழு பேரும் இன்றைக்கே நிமிர்ந்துவிடுவார்கள். பேச்சி அந்தரத்தில் காலோடு முகம் குப்புற விழுவாள். இரண்டு மணி நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தார். கடைசியில் எழுந்து போய் ரப்பருக்குக் கையெழுத்துப் போட்டார். போட்டபோது தன்மேலேயே அவருக்கு வெறுப்பாக இருந்தது.

திரும்பும்போது நடைவழி பன்னிரண்டே காலடிதான் இருந்தது.

மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. டீச்சர் எட்டாவது லேன் பக்கமாகப் போய் நின்று ரிவால்வரை உயர்த்தினார். ரப்பர் சொன்ன சொல் தவறாது போலிருந்தது. விசை தானாகவே உள்ளே போகப் பார்த்தது. தோட்டாவைத் தட்டுகிற சுத்தியலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஏழு லேனும் தயார். பேச்சியின் கால் அப்படியே இருந்தது.

"பேச்சி, காலை வையிடி தாயி! இந்தப் பிடி நிக்காது!"

"வைக்கேன் டீச்சர். நீங்க ரெடியா?"

"நானா?"

"உங்க கை நடுங்குது டீச்சர். அது நிக்கட்டும்னுதான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"குனிஞ்சிருக்கிற உனக்கு எப்படிடி தெரியும்?"

"கை நெழலு எங்க லேன்லதான விழுது. போன வருசம் இங்க நின்ன அக்கா சொன்னாங்க. அவுகளுக்கு முந்தின வருசம் நின்ன அக்கா சொன்னாங்களாம். டீச்சர் கை நின்ன பொறகு காலை வையி, நடுங்கயில சுட்டா அவுகளுக்குச் சங்கடமா இருக்கும்னு."

இருபத்தாறு வருஷம். மெதுவாக ஓடுகிற பிள்ளைகள் என்று அவர் பரிதாபப்பட்ட பிள்ளைகள். அவர் ஒவ்வொருத்திக்காகவும் நின்றார். ஒவ்வொருத்தியும் அவருக்காகக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். இரண்டு பக்கமும் நின்ற நேரத்தில்தான் அந்த மரப்பிடி தேய்ந்திருக்கிறது. டீச்சர் அத்தனை பேர் முன்னாலும் அழுதார். அதற்காக அவர் வெட்கப்படவும் இல்லை.

"இது நிக்காது பேச்சி" என்றார், மைதானம் முழுக்கக் கேட்கும்படி. "மொத வருசத்துலேருந்தே நடுங்குது. வயசாக ஆகக் கூடிருச்சு. இனிமே நிக்காது. நீ வையி."

"சரி டீச்சர்."

கால் கட்டையில் பதிந்தது. டீச்சர் கட்டைவிரலை எடுத்தார். வெடித்தது.

எட்டுப் பேரும் ஓடினார்கள். முதுகு ஒருத்திக்கும் நிமிரவில்லை, குனிந்தபடியே ஓடினார்கள். ஜாஸ்மின் முதலில் வந்தாள். பேச்சி கடைசியாக வந்தாள். வந்தவள் அங்கே நிற்கவில்லை. அப்படியே திரும்பி, வந்த வழியே ஓடிவந்து, ரிவால்வரோடு சேர்த்து டீச்சரின் கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். கை அதற்குள்ளும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் ஒலிபெருக்கியில் இருநூறு மீட்டருக்குப் பெயர் வாசித்தார். வேறு எட்டுப் பிள்ளைகள் வந்து கோட்டில் நின்றார்கள்.

"ஆன் யுவர் மார்க்ஸ்" என்றார் டீச்சர்.

பிள்ளைகள் குனிந்தார்கள். பேச்சி கையை விடவில்லை.