வேறு மருந்து: இல்லை

வேறு மருந்து ஏதாவது எடுக்கிறேனா என்று டாக்டர் ரிஸ்வான் கேட்டபோது, இல்லை என்றேன். படிவத்தில் அந்தக் கட்டத்தில் அவர் 'இல்லை' என்று குறித்தார். நான் கீழே கையெழுத்துப் போட்டேன். பொய் சொல்கிறோம் என்று அப்போது உறைக்கவில்லை. நம் வீடுகளில் மாத்திரைதான் மருந்து. பொடி என்பது உடம்புக்கு நல்லது, அவ்வளவுதான்.

நான் விமானம் ஓட்டுபவன். சர்க்கரை வந்து மூன்று வருடம் ஆகிறது. விமானிக்குச் சர்க்கரை வந்தால் வேலையே போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எந்த மாத்திரை என்பதுதான் பேச்சு. மெட்ஃபார்மின் மட்டும் என்றால், அளவுகளை ஒழுங்காகக் காட்டிவிட்டுப் பறக்கலாம். சர்க்கரையைத் திடீரென்று கீழே தள்ளும் மாத்திரை என்றால் தரையில் உட்கார வேண்டியதுதான். முப்பத்தைந்தாயிரம் அடியில் கேப்டனுக்குக் கண் இருட்டினால் பின்னால் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? அந்த விதியில் நான் ஒருநாளும் குறை கண்டதில்லை.

போன வருடம் என் அளவு ஏறிக்கொண்டே போனது. "இன்னும் ஏறினா அடுத்த மாத்திரைக்குப் போகணும் கேப்டன். அப்புறம் பறக்கற சர்ட்டிஃபிகேட் கஷ்டம்லா" என்றார் ரிஸ்வான். மறுநாளே என் மனைவி சங்கீதா சிராங்கூன் ரோடு பக்கம் போய், யாரோ சொன்ன ஆளிடம் ஊரிலிருந்து வந்த பொடி ஒரு டப்பா வாங்கி வந்தாள். தினமும் காலையில் நானே ஒரு ஸ்பூன் எடுத்து, நானே வெந்நீரில் கலக்கி, நானே குடித்தேன். அவள் பக்கத்தில் நின்று பாகற்காய் ஜூஸ் அடித்துக்கொண்டிருப்பாள். அதையும் வாங்கிக் குடிப்பேன்.

மூன்றே மாதத்தில் அளவு இறங்கிவிட்டது. ரிஸ்வான் கைகுலுக்கினார். அந்தக் கையெழுத்து அன்றைக்குப் போட்டதுதான்.

பிறகு ஒரு விடுமுறை நாள். செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கோப்பிக்கடையில் வரிசையில் நின்றபோது சட்டை வியர்த்து நனைந்தது. கை நடுங்கியது. சங்கீதா என்னை உட்காரவைத்து, இனிப்பாக ஒரு தே வாங்கிக் குடிக்கவைத்தாள். வீட்டுக்குப் போய்ச் சோதித்தால், அந்தத் தேநீர் குடித்த பிறகும் அளவு கீழேதான் கிடந்தது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவனுக்கு இப்படி ஆவதில்லை. அது எனக்குத் தெரியும்.

அன்றே வேலைக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டேன். டப்பாவை எடுத்துக்கொண்டு ரிஸ்வானிடம் போனேன். இது என்ன என்று கேட்டார். வீட்டில் இருந்தது என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வந்தது. பொடியில் மாத்திரையை அரைத்துக் கலந்திருந்தார்கள். விமானிக்கு எது ஆகாதோ, அதே மாத்திரை. என் சர்ட்டிஃபிகேட்டை நிறுத்திவைத்தார்கள். அந்தப் பொடியைக் குடித்துவிட்டு நாற்பத்தோரு முறை விமானத்தை ஏற்றி இறக்கியிருக்கிறேன் என்று லாக்புக்கைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பயம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி மனசு மொத்தமாக மரத்துக் கிடந்தது.

"பொடிய நிறுத்திட்டு சில மாசம் ரீடிங் காட்டினா பார்ப்பாங்க" என்றார் ரிஸ்வான். "நீங்க இல்லன்னு கையெழுத்துப் போட்டதுதான் பிரச்சினை. தெரிஞ்சே மறைச்சீங்களான்னு கேப்பாங்க. விளக்கம் எழுதிக் குடுங்க."

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன். சங்கீதா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நான் கலந்தேன்னு எழுதுங்க" என்றாள்.

நான் லேப்டாப்பை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"பாகற்காய் ஜூஸ்ல கலந்து குடுத்தேன்னு எழுதுங்க. ரெண்டும் கசப்பு, தெரிஞ்சிருக்காது. உங்களுக்கு ஒன்னுமே தெரியாது. நானும் எழுதி கையெழுத்துப் போடறேன்."

"வேணாம்" என்றேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அவள் சொல்வதற்கு முன்பே இதை முழுக்க நான் யோசித்து முடித்திருந்தேன், பாகற்காய் ஜூஸ் உட்பட. அவள் வாயிலிருந்து வரட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். மற்றதெல்லாம் மரத்திருந்தாலும் இதற்கு மட்டும் வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே டைப் செய்தேன்.

சொந்தக்காரர்களிடமும் அவளே சொல்லிவிட்டாள். "ஆளுக்கொரு கதை சொன்னா மாட்டிக்குவோம்ங்க" என்றாள். அக்கம்பக்கத்தில், கோயிலில், அவளுடைய அக்காவிடம், எல்லாரிடமும் ஒரே கதை. அக்கா இரண்டு வாரம் அவளிடம் பேசவில்லை.

ஏழு மாதம் கழித்து சர்ட்டிஃபிகேட் திரும்பி வந்தது. மறுபடி பறக்கிறேன். எல்லாம் பழையபடிதான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஈசூனில் என் தம்பி சுரேந்தர் வீட்டில் மதியச் சாப்பாடு. சங்கீதா மீன் குழம்பு வைத்து எடுத்து வந்திருந்தாள். பத்துப் பதினைந்து பேர். அவளே பரிமாறினாள். சுரேந்தர் தட்டை நீட்டிக்கொண்டே, "அண்ணி, இதுல ஒன்னும் கலக்கலயே?" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். அவன் மனைவி தட்டை மோந்து பார்ப்பதுபோல் நடித்தாள். அதற்கும் சிரிப்பு.

"கலக்கறவங்க சொல்லிட்டா கலப்பாங்க?" என்றாள் சங்கீதா. அவளும் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள், பழகிவிட்டது போலிருக்கிறது.

வரிசையாக எல்லாருக்கும் ஊற்றிவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்தாள். என் தட்டுக்கு மேலே கரண்டி நின்றது. மேசை முழுவதும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சர்ட்டிஃபிகேட் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

"நீங்களே போட்டுக்கறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள். நான் கரண்டியை வாங்கி, நானே போட்டுக்கொண்டேன்.