அமைதி இல்லத்துக்கு மஞ்சள் சீட்டு

ரகுபதியின் வயிற்றில் இருந்தது என்ன என்பதைக் காஞ்சிபுரத்துப் பெரிய டாக்டர் கிளியம்மாளை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் வெளியே வந்து புருஷனிடம், "புண்ணுதானாம், ஆறிடுமாம்" என்றாள். ரகுபதி அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். விஷயம் முடிந்தது.

லாரிக்கு பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பாதி ஆயுசை இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் கழித்தவர் அவர். கிண்டியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் சரக்கு வரும். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னாலேயே, கொண்டுவந்தவன் நிற்கிற தினுசை வைத்து உள்ளே எவ்வளவு கோளாறு என்று சொல்லிவிடுவார். மேஜையில் மூன்று நிறத்தில் சீட்டுகள் இருக்கும். பச்சை கட்டினால் சரக்கு உள்ளே போகும். சிவப்பு கட்டினால் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். மஞ்சள் கட்டினால் 'ஹோல்ட்', அதாவது இன்ஸ்பெக்டர் யோசித்துக்கொண்டிருக்கிறார். மஞ்சள் சீட்டில் மாட்டிய பட்டறை முதலாளியைப் போல மரியாதை தெரிந்த மனிதன் உலகத்திலேயே கிடையாது. மகளுக்கு வரன் பார்க்கிற ஜாக்கிரதையோடு பேசுவான்.

பென்னலூர் வீட்டில் ரகுபதிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: வலிக்கு ஓர் ஊசி. அதைப் போட ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு கம்பவுண்டர் சைக்கிளில் வருவான். எப்போது வருவான் என்பது அவனுக்கே தெரியாது. வந்ததும் முதலில் காபி கேட்பான். உள்ளே ரகுபதி பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க, அவன் சர்க்கரை பத்தவில்லை என்பான். கிளியம்மாள் மறுபடியும் கலந்து கொடுப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி ஜி.எம். ஆப்பிள் பையோடு வந்தார்.

"ரகுபதி, நம்ம கம்பெனிக்கு வெள்ளி விழா வருது. மே மாசத்துல மீட்டிங்ல குண்டு வெடிச்சதுக்கு அப்புறம் ஸ்ரீபெரும்புதூர்னு நம்ம ஊர் பேரைச் சொன்னாலே வெளியூர்ல ஒரு மாதிரி பாக்கறாங்க. நல்லதா ஏதாவது பண்ணணும். சேரப்பணஞ்சேரி பக்கம் ஒரு இல்லம் இருக்கு. டாக்டருங்க கைவிட்டவங்களை வெச்சுப் பாத்துக்கறாங்க. அதைத் தத்து எடுக்கலாம்னு இருக்கோம். ஆனா தரம் பாக்காம கொடுக்கக் கூடாதுன்னு போர்டுல சொல்லிட்டாங்க. நான் சொன்னேன், வெளியாள் எதுக்கு, நம்மகிட்டயே இன்ஸ்பெக்டர் இருக்கார். அவருக்கும் எப்படியும் ஒரு கட்டில் தேவைப்படுது..."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று ஜி.எம்.முக்கு உறைத்தது. பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து பேண்ட் தொடையில் துடைக்க ஆரம்பித்தார்.

"பரவாயில்ல சார்" என்றார் ரகுபதி. "டெஸ்ட் பீஸே நானா இருந்தா ரிசல்ட் கரெக்டா வரும். ஊசி போடுவாங்களா?"

"நேரத்துக்குப் போடுவாங்க."

"அப்ப இன்னைக்கே போறேன்."

'கருணைக்கடல் அமைதி இல்லம்' என்ற போர்டு கட்டடத்தைவிட அகலமாக இருந்தது. அதை நிறுவியவர் சேவைச் செம்மல் முனிரத்தினம், அரிசி மில் முதலாளி. செம்மல் பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஒரு பொங்கலுக்கு மில்லுக்கு வெள்ளையடித்தார்கள், காய்ந்தபோது சுவரில் பட்டம் இருந்தது. பழைய நெல் கிடங்குக்கு முன்னால் ஒரு ஹால் கட்டி, கட்டில்கள் போட்டு, போன வருஷம் தர்மத்தில் இறங்கியிருந்தார்.

கம்பெனி வேன் வந்து நின்றதும் அவரே சந்தன மாலையோடு வாசலுக்கு வந்தார். "ஐயா, இங்கே யாரும் சாவது கிடையாது. விடைபெறுகிறார்கள். நாங்கள் கையசைக்கிறோம், அவ்வளவுதான்."

"பஸ் எத்தனை மணிக்குங்க?" என்றார் ரகுபதி.

முனிரத்தினம் சிரித்தார். அந்தச் சிரிப்பு ரகுபதிக்குப் பழக்கமானது. கிண்டி பட்டறைக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் சிரிப்பார்கள்.

ஃபேனுக்கு நேர் கீழே கட்டில். மெத்தையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை, திரும்பிப் படுத்தால் சரசரவென்றது. இல்லத்துக்கு ஒரே நர்ஸ், அருள்மேரி. பேசாமல் வந்தாள், ஊசி போட்டாள், போனாள். சற்று நேரத்தில், ஷிஃப்ட் முடிந்த சூப்பர்வைசர் மாதிரி வலி சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போயிற்று. ரகுபதி தூங்கினார். கட்டிலுக்குக் கீழே பாயில் கிளியம்மாளும் தூங்கினாள். அவள் குறட்டை விடுவாள் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் பெயர் சின்னப்பையன். எழுபதைத் தாண்டியவர். கல்குவாரியில் வேலை செய்தவர், தொடை எலும்பில் வியாதி, சொந்தம் என்று ஒருவரும் இல்லை. சாயங்காலம் ஆனால் முனக ஆரம்பிப்பார். முனகல் கத்தலாகும். ஓய்ந்த நேரங்களில் நன்றாகப் பேசுவார்.

"நீ இன்னா வேலைப்பா பண்றே?"

"தரம் பாக்கறது."

"இன்னாத்த?"

"இப்போதைக்கு இந்த எடத்த."

"அட்றா சக்கை. பாத்துட்டியா?"

"பாத்துகினு இருக்கேன்."

"நல்லா பாரு. பொறுமையா பாரு. ஒண்ணு கேக்கறேன், உனுக்குக் குத்துற ஊசி யாருதுன்னு தெர்மா?"

ரகுபதி அவர் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"என்னுதுப்பா. நீ வர்றதுக்கு மின்ன அந்தப் பொண்ணு எனுக்கும் எப்பனாச்சும் ஒண்ணு குத்தும். இப்ப ராசாவாட்டம் நீ வந்துட்டே. நமக்கு வெறும் மாத்திரை. அதுவும் வெள்ளையாக் கீது, சுண்ணாம்பு மாதிரி."

அருள்மேரி வந்தபோது ரகுபதி கேட்டார். அவள் ஊசிக் குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கொஞ்சம்தான் சார் வருது. உங்களுக்கு ஒரு வேளைகூடத் தவறக் கூடாதுன்னு தலைவர் உத்தரவு. மிச்சம் இருந்தாத்தானே மத்தவங்களுக்கு."

ரகுபதி ஆச்சரியப்படவில்லை. எந்தப் பட்டறையும் முதலில் ஒரு சாம்பிள் அனுப்பும். தேய்த்து, மெருகேற்றி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, தொட்டில் குழந்தை மாதிரி அது வரும். அதற்குப் பச்சை கட்டிய பிறகு வருவதுதான் அசல் சரக்கு. அந்த வித்தையைப் பார்த்துப் பார்த்தே அவருக்கு மீசை நரைத்தது. இந்த இல்லத்தின் சாம்பிள் தானேதான் என்பது, மெத்தையின் பிளாஸ்டிக் உறையைத் தொட்டபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆகவே மஞ்சள் கட்டினார்.

காலையில் முனிரத்தினம் ஹார்லிக்ஸோடு வருவார். "ஐயாவுக்குத் திருப்திதானே? ஜி.எம். சார் விசாரித்தால் ஒரு நல்ல வார்த்தை..."

"பாத்துகினு இருக்கேங்க."

மறுநாள் ஜன்னலுக்குத் திரை வரும். "இப்போது எப்படி?" "இன்னும் பாக்கணும்." அதற்கு மறுநாள் இளநீர். எத்தனை நாள் யோசிக்கிறாரோ அத்தனை நாள் ஊசி. இதில் தரம் எங்கே வருகிறது, தன் வயிறு எங்கே வருகிறது என்று ரகுபதி பிரித்துப் பார்க்க முயலவில்லை. ஊசி போட்டிருக்கும்போது அப்படிப்பட்ட கேள்வி தோன்றாது. ஊசியின் வேகம் இறங்கும்போது வலியைத் தவிர வேறு எதுவுமே தோன்றாது.

ஆனால் கத்தல் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு சாயங்காலம் கிளியம்மாள் குனிந்து சொன்னாள். "ஏங்க, அந்தப் பெரியவருக்கும் ஒண்ணு போடச் சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பாங்க." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சேர்த்துக்கொண்டாள். "உங்களுக்கு நிறுத்தாம."

மறுநாள் காலை ரகுபதி சொன்னார். "தலைவரே, எல்லாம் சரியா இருக்கு. ஒரே ஒரு குறை. பக்கத்துக் கட்டில்ல பெரியவர் வலியில கத்தறாரு. அதைச் சரி பண்ணிட்டீங்கன்னா பச்சை கட்டிடலாம்."

முனிரத்தினம் அவர் கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். "குறையைச் சுட்டிக்காட்டுபவன்தான் உண்மையான நண்பன், ஐயா. இன்றே சரியாகிவிடும்."

அன்றே சரியாயிற்று. கிளியம்மாள் ரகுபதியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்க் குளிப்பாட்டிக் கூட்டிவந்தாள். பக்கத்துக் கட்டில் காலி. புது விரிப்பு, மடிப்புக் கலையாமல்.

"சொந்தக்காரங்க வந்து வீட்டுக்கு அழைச்சுட்டுப் போயிட்டாங்க" என்றார் முனிரத்தினம். "கண்கொள்ளாக் காட்சி ஐயா."

சொந்தமே இல்லாத மனிதனுக்கு வந்த சொந்தம். ரகுபதி அந்த விரிப்பைப் பார்த்தபடியே படுத்திருந்தார். கோளாறான பீஸில் இன்ஸ்பெக்டர் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். கெட்டிக்காரப் பட்டறைக்காரன் கோடு போட்ட பீஸை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு, அதே பெட்டியை மறுநாள் திரும்பக் கொண்டுவருவான். இது தெரிந்த ஒருவர்தான் சின்னப்பையன் மேல் கோடு போட்டிருந்தார்.

துணி அலசப் போன கிளியம்மாள் அலசாத துணியோடு திரும்பி வந்தாள். அவர் காதோரம் சொன்னாள். "பின்னாடி நெல்லு மூட்டை வெக்கிற ரூம்ல சத்தம் கேக்குது. அவருதான்."

ரகுபதி எழுந்து உட்காரப் பார்த்தார். அவள் தோளில் கை வைத்தாள்.

"நீங்க ஒண்ணும் பேசிடாதீங்க. ஊசிய நிறுத்திட்டா என்னால பாக்க முடியாது. இன்னும் கொஞ்ச நாளுதானே."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாளாகப் புண் என்று சொல்லி வந்தவள். ரகுபதி அவள் கையை வாயிலிருந்து விலக்கினார். "தெரியும். விடு" என்றார்.

வெள்ளி விழா அன்று வாசலில் ஷாமியானா, நாதஸ்வரம். ஓ.டி. கூலி உண்டு என்று சொல்லித் தொழிலாளிகளைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவந்து கைதட்ட உட்கார வைத்திருந்தார்கள். சின்னப்பையன் கட்டிலில் ஒரு புது நோயாளி படுத்திருந்தான். தலையில் கட்டு, நெற்றி நிறைய விபூதி, போர்வைக்கு வெளியே மூட்டை தூக்கிக் காய்த்த இரண்டு பாதங்கள்.

ஜி.எம். முதலில் அவனிடம் போனார். "எப்படி இருக்கீங்க?"

மில்லில் முதலாளிமார் வந்தால் எழுந்திருந்தே பழகியவன். சட்டென்று கட்டிலை விட்டுக் குதித்து இறங்கிக் கைகட்டி நின்றான். "நல்லாக் கீறேன் சார். சோறு நல்லாப் போடறாங்க."

"பாருங்க, எழுந்து நிக்கிறார்" என்று ஜி.எம். பின்னால் வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். "எவ்வளவு முன்னேற்றம்."

முனிரத்தினம் அடக்கமாகத் தலை குனிந்தார்.

ஜன்னல் திரை காற்றில் விலகியபோது ரகுபதிக்கு வாசல் தெரிந்தது. திறப்பதற்காகச் சின்னத் துணி போர்த்திய கல்வெட்டு ஒன்று நின்றது. அந்தத் துணியும் விலகி விலகி மூடியது. கம்பெனி பெயர், ஜி.எம். பெயர், செம்மல் பெயர், எல்லாம் ஆழமாக வெட்டி, எழுத்துக்குள் கறுப்பு மையும் பூசிக் காய்ந்திருந்தது. இவ்வளவையும் கருங்கல்லில் நேற்றும் முந்தாநாளும் வெட்டியிருக்க முடியாது. அவர் பெட்டியைப் பிரிக்கும் முன்பே சரக்கு லைனுக்குப் போய்விட்டது. மஞ்சள் சீட்டு அவர் கையில் மட்டும்தான் இருந்தது.

ஜி.எம். மைக்கோடு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "நம்ம ரகுபதியைத் தெரியாதவங்க இங்க கிடையாது. இவர் கையால ரிஜெக்ட் ஆகாத பட்டறை மெட்ராஸ்லயே கிடையாது. சொல்லுங்க ரகுபதி, இல்லத்தோட தரம் எப்படி?"

மைக் மூக்குக்கு அருகில் வந்தது. ரகுபதி வாயைத் திறந்தபோது அதில் சிவப்புச் சீட்டு இருந்தது. நெல் ரூமைத் திறந்து பாருங்க சார் என்று ஒரு வரி, அவ்வளவுதான். போர்வைக்கு அடியில் கிளியம்மாள் அவர் பாதத்தைப் பிடித்து அழுத்தினாள். அடுத்த ஊசிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அடிவயிற்றில் வலி, கேட்டுக்கு வெளியே அடுத்த ஷிஃப்ட் மாதிரி கூடிக்கொண்டிருந்தது.

"ஓகே சார்" என்றார்.

கைதட்டல் எழுந்தது. ஓ.டி.க்குத் தகுந்த கைதட்டல்.

சாயங்காலம் அருள்மேரி வெறுங்கையோடு வந்தாள்.

"தீந்துபோச்சு சார். புதுசு வாங்கத் தலைவர் சொல்லணும். இனிமே முறைப்படி எல்லாருக்கும் மாதிரிதான் உங்களுக்கும்னு சொல்லிட்டாரு." கொண்டுவந்த வெள்ளை மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கிளியம்மாள் ஷாமியானாவுக்கு ஓடினாள். முனிரத்தினம் கழுத்து மாலையோடு பந்தியில் இலை இலையாக உபசரித்துக்கொண்டிருந்தார். "அம்மா, இன்றைக்குப் போய் ஊசி கீசி என்று. கம்பெனி உதவியில் முதலில் வாசலுக்கு ஒரு வளைவு கட்டுகிறோம். அப்புறம் ஒன்றொன்றாய் வரும். பாயசம் சாப்பிட்டீர்களா?"

ரகுபதி தாங்கிப் பார்த்தார். போர்வையைக் கடித்துப் பார்த்தார். அப்புறம் கத்தினார். அந்தக் கத்தல் நாதஸ்வரத்தைத் தாண்டிப் பந்திக்குக் கேட்டது. பாயசம் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் டம்ளரை இறக்கி வைத்தார்.

உடனே இரண்டு பேர் வந்து அவரை விரிப்போடு சேர்த்துத் தூக்கினார்கள். ஒருவன் காலையில் பக்கத்துக் கட்டிலில் முன்னேறிய நோயாளி. தலைக்கட்டை அவிழ்க்க அவனுக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை.

நெல் ரூமில் தவிட்டு வாசனை. சுவரோரம் சாக்கு விரித்து, ரகுபதியை இறக்கிவிட்டுப் போனார்கள். இருட்டுப் பழகியதும் பக்கத்துச் சாக்கில் ஒரு தலை திரும்பியது.

"வா நைனா" என்றார் சின்னப்பையன். "பாத்து முடிச்சிட்டியா?"

ரகுபதி பதில் சொல்ல வாயைத் திறந்தார். வந்தது வேறு சத்தம்.

"மெதுவா கத்து" என்றார் சின்னப்பையன். ஏளனம் இல்லை, தெரிந்ததைச் சொல்கிற குரல். "பலமா கத்துனா கதவ சாத்திடறானுங்க. அப்பறம் காத்து வராது."

கிளியம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து, கதவை யாரும் சாத்த முடியாதபடி காலை நீட்டிக்கொண்டாள்.