கல்வத்தில் அரைத்த இளமை

என் வீட்டுக்காரருக்கு இரண்டாம் கல்யாண ஆசை வந்தபோது தலையில் நாலு முடிதான் இருந்தது, அதுவும் வெள்ளை. துணி வியாபாரி தன் மகளைத் தரச் சம்மதித்துவிட்டார். ஆனால் மாப்பிள்ளை கொஞ்சமாவது இளைஞனாகத் தெரிய வேண்டும் என்று நிபந்தனை போட்டார். இந்த மனிதர் நேரே போய் ஒரு ரசவாதியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

ரசவாதி கொல்லைப்புறத்தில் ஜன்னலே இல்லாத குடிசை ஒன்றைப் போடச் சொன்னான். அதற்குள் வெளிச்சமும் காற்றும் படாமல் கிடந்து, பாதரசமும் கந்தகமும் சேர்ந்த மருந்தைத் தின்றால் பழைய தோல் போய்ப் புதுத் தோல் வருமாம். அந்த மருந்தைக் கல்வத்தில் அரைக்க வேண்டியது யார் தெரியுமா? தின்கிறவரின் மனைவி. அதுதான் முறையாம். எனக்குச் சக்களத்தி கொண்டுவர நானே அரைத்துக் கொடுக்க வேண்டும். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

அரைத்தேன். பாதரசத்தின் மினுமினுப்பு முழுக்க அடங்கி, கலவை மை மாதிரி கறுக்க வேண்டும். அதுவரை அது விஷம். ரசவாதியே தன் வாயால் சொன்னது இது. எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது, மினுமினுப்பு அடங்கவில்லை.

"இன்னும் மின்னுதுங்க," என்றேன்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "வேணும்னே இழுத்தடிக்கிற. உனக்கு வயித்தெரிச்சல்."

"எரியாம குளிருமா? அதுக்காக உங்களைக் கொல்லவா போறேன்? இன்னும் அரைக்கணும்."

"கல்யாண நாள் நெருங்குது. கொண்டா இங்க!"

ரசவாதி என்னைப் பார்த்தான், கூலி கொடுப்பவரைப் பார்த்தான். "பரவாயில்ல, மேனியும் மின்னும்," என்று சமாளித்தான்.

அவர் மருந்தை வாங்கிக்கொண்டு குடிசைக்குள்ளே போனார். சில நாளில் குடிசையிலிருந்து முனகல் கேட்டது. கதவை உடைத்தேன். ஈறு வீங்கி, எச்சில் ஒழுக, பல் ஒவ்வொன்றாகக் கழன்று கையில் வர, சுருண்டு கிடந்தார். ரசவாதியைத் தேடினால் ஆள் கம்பி நீட்டிவிட்டான். பாழாய்ப்போன இந்த மனிதர் செத்துவிடுவாரோ என்று அழுதேன். நிஜமாகவே பயந்துதான் அழுதேன்.

எப்படியோ பிழைத்துக்கொண்டார். மாப்பிள்ளையைப் பார்க்க வந்த துணி வியாபாரியை நானே அழைத்துப்போய்க் காட்டினேன். பொக்கை வாய், வழியும் எச்சில், கழுத்தில் கட்டிய துண்டு.

"இளமையா வேணும்னு கேட்டீங்களே. தொட்டில் வரைக்கும் போயிட்டு வந்திருக்காரு," என்றேன். வியாபாரி செருப்பை மாட்டக்கூட நிற்கவில்லை.

அன்று மாலையும் கஞ்சியைக் குழைத்து, ஊதி ஊதி ஆற்றி ஊட்டினேன். இவர் கண் கலங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் மனசு இளகிவிட்டது. மன்னிப்புத்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"வியாபாரிகிட்ட சொல்லி அனுப்பு," என்றார். "பல்லு முளைச்சதும் வர்றேன்னு."

அடுத்த கரண்டியை நான் ஊதவில்லை.