சாவியைத் திருப்பிக் கொடுத்த நாள்

விடியுமுன்னே மூக்கம்மாள் பாரின் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாந்தியின் புளிப்பும் பினாயிலும் கலந்து தொண்டையைக் கமற வைத்தன. கிளாஸ் சில்லு ஒன்று விரலைக் கீறியது. சேலை நுனியைச் சுற்றிக்கொண்டு தேய்த்தாள். திருச்சுழி ரோட்டில் இருக்கும் அந்தப் பாரில் தரைக்கும் அவள்தான், அடுப்புக்கும் அவள்தான்.

கேளுங்கள் மக்களே, ஊற்றிக் கொடுக்கிறவர்களுக்கும் நெஞ்சு உண்டு.

இரண்டு மாதத்துக்கு முன் பாலவனத்தத்தில் மகளிர் குழுக்காரர்கள், சுற்றுவட்டார பார், ஓட்டல் ஆட்களுக்கு ஒருநாள் பயிற்சி நடத்தினார்கள். அந்தப் பெண்களில் பாதிப்பேர் குடிக்கு யாரையாவது பறிகொடுத்தவர்கள். நாக்குக் குழறினால் ஊற்றாதீர்கள், வண்டிச் சாவியை வாங்கி வையுங்கள், வீட்டு ஆள் வரும்வரை உட்கார வையுங்கள் என்று சொல்லித் தந்தார்கள். முதலாளி அருஞ்சுனை சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

சப்ளையர் இன்பராஜும் மூக்கம்மாளும் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்துக்கொண்டார்கள். குடிக்க வந்தவன் அளவு மீறினால் இன்பராஜ், "அக்கா, அடுப்பு மெதுவா" என்பான். அவள் ஆம்லெட்டைத் தாமதிப்பாள். அதற்குள் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் கருத்தப்பாண்டி வீட்டுக்குப் போன் போட்டுவிடுவான்.

போன செவ்வாய் மதியம் எம்.ரெட்டியபட்டி லோடுமேன் வீரபத்திரன் வந்தான். குடித்து அவன் நாக்குக் குழறியதும் இன்பராஜ் சாவியை வாங்கிக்கொண்டு, "அடுப்பு மெதுவா" என்றான். வீரபத்திரனோ அடுப்படி வாசலுக்கே வந்து நின்றான்.

"யக்கா, காலையில இருந்து ஒண்ணும் திங்கல. பசி உயிரு போகுது."

பசி என்று நிற்பவனைக் காக்க வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டு முட்டையை உடைத்துச் சுடச்சுடக் கொடுத்துவிட்டாள். தின்றவன் உடனே சாவி கேட்டான். இன்பராஜ் மறுத்தான். சத்தம் கேட்டு வந்த அருஞ்சுனை சாவியைப் பிடுங்கி வீரபத்திரன் கையில் வைத்தார். "கஸ்டமர்கிட்ட மல்லுக்கட்டாதலே!"

நாலு மணிக்கு, நின்றிருந்த டிராக்டரில் மோதி வீரபத்திரன் செத்துப்போனான்.

இன்று பத்து மணிக்கு அருஞ்சுனை ஒரு தாளோடு வந்தார்.

"இன்பராஜு, ஸ்டேசன்ல குடுக்கணும், கையெழுத்துப் போடு. போதைன்னு தெரிஞ்சும் நீதான் சாவியக் குடுத்தேன்னு எழுதியிருக்கு."

"குடுத்தது நீங்க, அண்ணாச்சி."

"பயிற்சி எடுத்தது நானா? சான்றிதழ்ல யாரு பேரு இருக்கு?"

"போட்டோவுக்கு மட்டும் முதல் வரிசையில நின்னீகளே!" என்றான் கருத்தப்பாண்டி.

"வேல வேணுமா வேணாமாலே?"

மூக்கம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"பசின்னான், குடுத்துட்டேன். அது என் தப்பு, நான் சொல்லிக்கிறேன். நீங்க செஞ்சத நீங்க சொல்லுங்க. இந்தப் பிள்ள தலையில கட்டாதீக."

"மூணு பேரும் வெளிய போங்க!"

போனார்கள். ரோட்டோரப் புளியமரத்தடியில் கருத்தப்பாண்டி வேறொரு தாளில் எழுதினான். நடந்ததை நடந்தபடி எழுதினான். கீழே, தள்ளாடுகிறவனுக்கு ஊற்ற மாட்டோம், சாவி தர மாட்டோம், அதற்காக எவரையும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்று சேர்த்தான். அன்று பயிற்சிக்கு வந்திருந்த பக்கத்து ஓட்டல்காரர் இருவர், கழுவிய கை காயாமல் வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

"ஸ்டேசனுக்கு அப்புறம் போவோம். முதல்ல வீரபத்திரன் பொண்டாட்டிக்குத் தெரியணும்" என்றாள் மூக்கம்மாள்.

ஐந்து பேரும் ஷேர் ஆட்டோ பிடித்து ரெட்டியபட்டி போனார்கள். வீரபத்திரன் மனைவி முருகலட்சுமி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இன்பராஜ் தாளை வாசித்தான். இரண்டு இடத்தில் குரல் உடைந்தது.

"அன்னிக்கு இன்னும் செத்த நேரம் உக்கார வச்சிருந்தா..." என்றாள்.

மூக்கம்மாள் தலைகுனிந்து நின்றாள்.

முருகலட்சுமி எழுந்து உள்ளே போனாள். இனி வரமாட்டாள் என்றே நினைத்தார்கள். கணவனின் ஆதார் அட்டையோடு வந்தாள்.

"ஸ்டேசன்ல இதக் கேப்பாகள்ல? நானும் வாரேன்."

ஆட்டோவில் இடமில்லை. ஐந்து பேரும் இன்னும் நெருக்கி உட்கார்ந்து, நடுவில் அவளுக்கு இடம் விட்டார்கள்.