ச்சால்யா போடாத கம்ப்யூட்டர்

மனிதகுலம் படைத்தவற்றுள் மனநிலை என்ற ஒன்றே இல்லாத பொருள் கம்ப்யூட்டர்தான் என்பது எட்சன் தார்க்கியின் முடிந்த முடிவு. மின்சாரம் வந்தால் ஓடும், வராவிட்டால் ஓடாது. நடுவில் எந்தத் தெய்வத்துக்கும் வேலையில்லை.

எல் ஆல்ட்டோ நகரின் பழைய சாமான் சந்தையில் பொறுக்கிய உறுப்புகளைக் கொண்டே அவன் ஒரு கம்ப்யூட்டர் கட்டியிருந்தான். அதுதான் அவன் கடைசி ஆண்டுத் தேர்வு. நாளை மதியம் மூன்று பேராசிரியர்கள் முன்னால் அது உயிர்த்தெழ வேண்டும். எழாவிட்டால் இன்னொரு வருடம்.

இன்றோ கார்னிவல் திருவிழாவின் செவ்வாய். ஊரே தன் உடைமைகளுக்கெல்லாம் காகிதச் சுருள் கட்டி, பூமித்தாய்க்கு மதுவைச் சொட்டி, வருடம் முழுக்க அவை ஒழுங்காக உழைக்க ஆசி வேண்டி ச்சால்யா போட்டுக்கொண்டிருந்தது. அக்கா பசீலியா தையல் மெஷினை முடித்து, கேஸ் அடுப்பை முடித்து, நாய்க்கும் ஒரு மாலை போட்டுவிட்டு அவன் பெட்டியிடம் வந்தாள்.

"அக்கா, தள்ளிப் போ. இது சிலிக்கான்."

"சிலிக்கான் மட்டும் என்ன வானத்துலேருந்தா குதிச்சுது? மண்ணுதானடா."

"நாய்க்கு மாலை போட்டியே, அது இனிமே வேகமா குரைக்குமா?"

"நாளைக்கு உன் பெட்டி எந்திரிக்கலைன்னா என்கிட்ட வந்து மூக்க உறிஞ்சாத" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துத் தெரு ஆட்டத்துக்குப் போனாள்.

எட்சன் பொத்தானை அழுத்தினான். விசிறி சுற்றியது, யோசித்தது, நின்றது. மறுபடி அழுத்தினான். சுற்றியது, நின்றது.

ராம் மெமரியைக் கழற்றி, அதன் தங்கப் பற்களை அழிரப்பரால் தேய்த்து, இடம் மாற்றிச் செருகினான். நின்றது. ஹார்ட் டிஸ்கைப் பிடுங்கினான். நின்றது. மதர்போர்டின் காசு பேட்டரியை எடுத்துப் போட்டான். பிராசஸரைத் தூக்கிப் புதுப் பசை தடவினான். உட்கார்ந்தான், எழுந்தான், ஜன்னலுக்குப் போனான், வந்தான். விசிறி சுற்றியது, நின்றது. பவர் சப்ளைதான் போயிருக்க வேண்டும்.

சந்தைக்கு ஓடினான். எல்லாக் கடையும் பாதிக் கதவோடு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. உதிரிபாகக்காரர் சத்துர்னீனோ தலையெல்லாம் காகிதப் பொட்டோடு இருந்தார்.

"ஒரே ஒரு பவர் சப்ளை மாமா. வாடகைக்காவது குடுங்க."

"இன்னைக்கு வித்தா சரக்கு கோவிச்சுக்கும் தம்பி. உக்காரு. பீர் குடி."

"சரக்குக்கு எப்படி மாமா கோவம் வரும்?"

"வராதுதான். எதுக்கு வம்பு?"

கையில் ஒரு பாட்டிலைத் திணித்து அனுப்பிவிட்டார்.

வீட்டில் யாருமில்லை. நாய் மாலையோடு தூங்கியது. எட்சன் மறுபடி அழுத்தினான். சுற்றியது, நின்றது.

எழுந்து போய்க் கதவைத் தாழிட்டான். ஜன்னல் திரையை இழுத்தான். மதர்போர்டில் தெறிக்காத தூரம் பார்த்துக் குந்தி, பெட்டியின் நான்கு மூலைக்கும் நேராகத் தரையில் பீரைச் சொட்டுச் சொட்டாக விட்டான். ஊரில் இன்று எத்தனையோ பெட்டிகள். பூமித்தாய்க்குக் குழப்பம் வந்துவிடக் கூடாதே என்று, ராம் நாலு ஜிபி என்பதையும் மெல்லச் சொல்லிவைத்தான்.