பறக்கிறவனுக்கு வாசித்த மெட்டு

ஜெயவேல் சினிமாக் கொட்டகைப் பக்கம் போய் வருஷக்கணக்காகிறது. ஆரணிக்குப் பக்கத்துச் சேவூரில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகிற பேண்டு செட்டு அவருடையது. கிளாரினெட்டை அவர் வாயில் வைத்தால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள். அப்படித்தான் இத்தனை காலம் ஓடியிருக்கிறது.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த சுகன்யா செல்போனை அவர் முன்னால் நீட்டினாள்.

"தாத்தா, எங்கண்ணன் சுதாகருக்கு இந்தப் பறக்கிற ஹீரோ படம்னா உசுரு. மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த மியூசிக்தான் வேணுமாம். வாசிப்பீங்களா?"

"வாசிக்கலன்னா?"

"ஸ்பீக்கர் வண்டி சொல்லி வெச்சிருக்கோம். அது முன்னாடி போவும். நீங்க சும்மா வந்து சாப்ட்டுட்டுப் போங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரித்துக்கொண்டு சொல்கிறவர்களை ஜெயவேல் நம்புவதில்லை. வண்டியை ஏற்கெனவே பேசி முடித்துவிட்டு, கிழவனால் முடியவில்லை என்று ஊருக்குச் சொல்ல வந்திருக்கிறாள் என்றே நினைத்தார்.

"முன்னாடி நாங்கதான் போவோம்," என்றார். "பாட்ட ஏத்திக் குடுத்துட்டுப் போ."

டிரம்பெட் வாசிக்கிற அய்யனாரோடு உட்கார்ந்து கேட்டார். ஆரம்பமே ஆளைத் தூக்கியது. ஏணியில் ஏறுவதுபோல் டிரம்பெட்டுகள் மேலே மேலே போயின. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யாரோ பெரிய ஆள் வருகிறான் என்று தெரிந்தது.

"போட்டவன் கெட்டிக்காரன்யா," என்றார்.

அதற்குள் மேளங்கள் விழுந்தன. கூடவே ஒரு கூட்டம் பிடில், ஒரு கூட்டம் மனுஷக் குரல். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மெட்டு எங்கே போனதென்று தேட வேண்டியிருந்தது.

"இன்னா அய்யனாரு இது? ஹீரோ எச்சி முழுங்கினாக்கூட டமார்னு போடுவானுங்க போலக்கீதே!"

"பெரிய படம்ணா. பெருசாத்தான் இருக்கும்."

"எல்லாமே பெருசுன்னா எது பெருசு? பட்டுப்பொடவ முந்தானைய மட்டும் விரிச்சிக் காட்டிட்டு, உள்ள நூலு வுட்டுப்போனத மடிச்சி மறைக்கிறானுங்களே பஜார்ல, அந்த வேலை இது. மெட்டு ரெண்டடி நடக்கறதுக்குள்ள மேளத்தப் போட்டு மூடிட்டான்."

நடுவில் சத்தமெல்லாம் அடங்கியது. ஒற்றைக் குழல் ஒன்று தனியாக, அவசரமில்லாமல் பாடியது. அடியில் பிடில்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்தன. ஜெயவேல் அதை மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் போடச் சொன்னார்.

"இது பாட்டு. ஆரம்பத்துல ஏணி, அப்புறம் இது. மத்தத வுட்டுடு."

"படத்துல இது எந்த எடத்துல வருதுன்னு கேட்டுக்கலாமாண்ணா?"

"பாட்டு நல்லாகீதா இல்லியான்னு காதுக்குத் தெரியாதா? யாரையும் கேக்க வேணாம்."

அழைப்பு அன்று கோயில் வாசலில் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பேண்டு, பின்னால் மாப்பிள்ளையின் கார், கடைசியில் ஸ்பீக்கர் வண்டி. அய்யனார் டிரம்பெட்டில் அந்த ஏணியைப் பிடித்து ஏறியதும் சுதாகரின் கூட்டாளிகள் விசில் அடித்தார்கள். ஜெயவேல் மெதுவாக அந்த நடு மெட்டுக்குள் இறங்கினார்.

விசில் நின்றது.

"டேய், இது ஹீரோ சாவுற சீன்டா!"

"மச்சான்! பொணத்தத் தூக்கிகினு போவாங்களே, அந்த மியூசிக்!"

மாப்பிள்ளையின் அப்பா முருகேசன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "இன்னாயா ஜெயவேலு, எம்புள்ள கல்யாணத்துல எழவு பாட்டா? ஏய், வண்டிய முன்னாடி எடுங்கடா!"

ஜெயவேலுக்கு அப்போதுதான் புரிந்தது. கேட்டிருக்கலாம். அய்யனார் சொன்னானே. ஆனால் இப்போது கிளாரினெட்டிலிருந்து வாயை எடுத்தால் வண்டி முன்னால் வந்துவிடும். இனி ஆரணியில் எந்த ஊர்வலத்திலும் அதுதான் முன்னால் போகும்.

அவர் வாயை எடுக்கவில்லை. மேளக்காரனைப் பார்த்துத் தோளை மட்டும் குலுக்கினார். அவனுக்குப் புரிந்தது. இந்தச் செட்டு ஒரே பாட்டைச் சாவுக்கும் வாசிக்கும், கல்யாணத்துக்கும் வாசிக்கும். அடி மாறினால் போதும். அவன் குத்து அடியைப் போட்டான். செத்த ஹீரோவின் மெட்டு இடுப்பை ஆட்டிக்கொண்டு எழுந்தது. முதலில் சுகன்யாதான் சிரித்துவிட்டு ஆடினாள். அப்புறம் கூட்டாளிகளால் சும்மா நிற்க முடியவில்லை.

முருகேசனின் கோபம் அடங்கவில்லை. "அபசகுனம்யா!"

ஜெயவேல் இப்போதுதான் வாயை எடுத்தார். அய்யனார் மெட்டைத் தாங்கிக்கொண்டான். "படம் பாக்கல, கேக்கவும் இல்ல. அது என் தப்புதான். அதுக்காவ நல்ல பாட்டப் பாதியில நிறுத்த மாட்டேன்."

சுதாகர் காரிலிருந்து தலையை நீட்டினான். "அப்பா, வுடுங்க, நல்லாத்தான்கீது. தாத்தா, அந்த டமார் டமார்னு வருமே, அதையும் கொஞ்சம் சேத்துக்குங்களேன்."

"அது வேணும்னா வண்டியில போட்டுக்க. எனக்குப் பின்னாடி."

பதிலுக்குக் காத்திருக்காமல் கிளாரினெட்டை வாயில் வைத்து, மண்டபத்தைப் பார்த்து நடந்தார்.